எம்35ஏ2: பிரேக் ஆயில் குறைகிறது, கசிவே தெரியவில்லை

கேள்வி:
அமெரிக்க ராணுவம் ஏலம் விட்ட இரண்டரை டன் லாரி. வாரம் ஒருமுறை மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பாகம்) ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஆறு பிரேக் டிரம்மும் வெளியே காய்ந்துதான் இருக்கின்றன. பெடலை மிதித்துப் பிடித்தால் மெல்ல இறங்குகிறது.

பதில் 1:
முதல் சந்தேகம் காற்று பூஸ்டர் மேல்தான், அதாவது காற்றழுத்தத்தால் பிரேக் விசையைக் கூட்டும் பாகம். உள்ளே சீல் தேய்ந்தால் ஆயில் காற்றுப் பக்கம் போய்விடும், தரையில் ஒரு சொட்டும் விழாது. பூஸ்டரின் காற்றுப்போக்கிக் குழாயைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பாருங்க. ஈரமாக, வழவழன்னு இருந்தால் பூஸ்டரைக் கழற்றி சீல் மாற்றியே ஆகணும்.

பதில் 2:
வீல் சிலிண்டரையும் (டிரம்முக்குள் பிரேக்கைத் தள்ளும் சிறு சிலிண்டர்) விடாதீங்க. டிரம்மைக் கழற்றி, சிலிண்டரின் ரப்பர் உறையை நகத்தால் லேசா விலக்குங்க. உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் அதுவும் கசிவுதான்.

பதில் 3:
சரிசெய்யும் வரை தயவுசெய்து ஓட்டாதீங்க. இதில் ஒரே ஹைட்ராலிக் சர்க்யூட், அதாவது எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதை. ஒரு குழாய் வெடித்தால் ஆறு சக்கரத்திலும் பிரேக் போச்சு. கைப்பிரேக் நிறுத்தி வைக்க மட்டும்தான்.

ராணுவம் பின்னாளில் சிலிக்கோன் ஆயிலுக்கு, அதாவது டாட் 5க்கு மாறியது. அது இருந்தால் டாட் 3 எனும் சாதாரண பிரேக் ஆயிலைக் கலக்கவே கூடாது. பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது முதலில் பூஸ்டர், பிறகு சக்கரங்கள்.