தருமபுரி ஸ்விஃப்ட்: 30,000 ரூபாய்க்குள் சஸ்பென்ஷனை மேம்படுத்த எதிலிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வி – தருமபுரியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2013ஆம் ஆண்டு வாங்கிய ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல் கார் உள்ளது. இதுவரை 1,04,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் வேலை நிமித்தம் சேலம் சென்று வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காவேரிப்பட்டணம் பக்கத்தில் உள்ள மாமனார் வீட்டுக்குக் குடும்பத்துடன் போவோம். மாம்பழப் பருவத்தில் திரும்பி வரும்போது டிக்கியில் நான்கு பெட்டிப் பழமும் சேர்ந்துகொள்ளும்.

பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது, வளைவில் பிரேக்கைத் தொட்டவுடன் காரின் மூக்கு ஆழமாகக் கவிழ்கிறது. வளைவிலேயே பாலத்தின் இணைப்போ சாலை ஒட்டோ வந்துவிட்டால், பின்பக்கம் ஒரு சாண் வெளியே நழுவுவது போன்ற உணர்வு ஏற்படுகிறது. வேகமாக ஓட்டுபவன் அல்ல நான். 60க்கு மேல் அங்கே போவதில்லை. அருகில் சரக்கு லாரிகள் இறங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் அப்படி ஆகும்போது கை சில்லிட்டுப் போகிறது. என் மனைவி இப்போதெல்லாம் இரட்டைப் பாலம் தாண்டும் வரை பேசுவதே இல்லை.

என் கையில் உள்ள தொகை 30,000 ரூபாய். விசாரித்த இடங்களில் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். பெங்களூரில் ஒரு கடையில், காரை 35 மில்லிமீட்டர் தாழ்த்தும் குட்டையான ஸ்பிரிங் நான்கையும் 18,000 ரூபாய்க்கு மாட்டித் தருவதாகவும், அதன் பிறகு வளைவில் கார் அசையவே அசையாது என்றும் சொன்னார்கள். உயரத்தையும் இறுக்கத்தையும் மாற்றிக்கொள்ளக்கூடிய காயில்ஓவர் செட்தான் சரியான தீர்வு என்றார் ஒரு நண்பர். அதன் விலை என் தொகையைப் போல மூன்று மடங்குக்கு மேல் வருகிறது. உள்ளூரில் ஒருவர், ஸ்பிரிங் சுருள்களுக்கு இடையே ரப்பர் பஃபர் வைத்தால் 2,000 ரூபாயில் வேலை முடிந்துவிடும் என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

மறுமொழி – ஓசூரிலிருந்து

நீங்கள் இன்னும் எதையும் வாங்கவில்லை என்பது நல்லது. நான் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் சோதனைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்தவன். அந்த அனுபவத்தில் ஒரு வேறுபாட்டை மட்டும் முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன்.

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் பள்ளத்தில் அமுங்கி எழுந்த பிறகு தொடர்ந்து ஊசலாடாமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். அதற்குள் இருக்கும் பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே தள்ளுகிறது. அசைவின் ஆற்றல் எண்ணெயில் வெப்பமாக மாறிக் கரைகிறது. துளைகளின் வால்வும் சீலும் தேய்ந்துவிட்டால் அடக்கும் வேலை நடக்காது. அப்போது டயர் சாலையை அழுத்திப் பிடிக்காமல் துள்ளத் தொடங்கும். நீங்கள் சொல்லும் பின்பக்க நழுவல், டயர் ஒரு கணம் தரையை விட்டு எழுவதால் வருவது. தேய்ந்துபோன ஷாக்கின் மேல் இன்னும் கடினமான ஸ்பிரிங்கைக் கொண்டுபோய் வைத்தால், அடக்க முடியாத ஒன்றிடம் அதைவிடப் பெரிய வேலையைக் கொடுத்தது போலாகும். துள்ளல் கூடுமே தவிரக் குறையாது.

ஆகவே எதை மாட்டலாம் என்று யோசிப்பதற்கு முன், இப்போது இருப்பது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். முன்சக்கரத்தை ஒருபுறம் முழுவதும் திருப்பிவைத்து, டார்ச் அடித்து ஷாக்கின் உடலைப் பாருங்கள். டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் தடவிப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மேலே உள்ள ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். காற்றழுத்தத்தைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். இவ்வளவையும் எழுதிய பிறகு பேசுவோம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. இன்று காலை பார்த்தேன். முன் வலதுபுற ஷாக்கின் மேல்பகுதி வறண்ட தூசியுடன் இருக்கிறது. இடதுபுறத்தில் அந்தத் தூசி எண்ணெயில் குழைந்து, கரிய பசைபோல் கீழ்வரை வழிந்திருக்கிறது. விரலால் தொட்டபோது ஒட்டிக்கொண்டு வந்தது. பின் டயர்கள் இரண்டிலும் உள்விளிம்பில் மேடும் பள்ளமுமாக, வரிசையாகக் குழி விழுந்தது போல் கையில் தட்டுப்படுகிறது. கண்ணுக்கு அது தெரியவே இல்லை. உயரத்தில் வலதுக்கும் இடதுக்கும் 4 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இல்லை. காற்று 38 இருந்தது. ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் அதைவிடக் கணிசமாகக் குறைவாகப் போட்டிருக்கிறது. மைலேஜ் கூடும் என்று பெட்ரோல் பங்கில் சொன்னதைக் கேட்டு நானே அப்படி வைக்கச் சொல்லிவிட்டேன்.

மறுமொழி – கிருஷ்ணகிரிப் பட்டறை

தம்பி, 22 ஆண்டுகளாக இந்த வேலைதான் செய்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எண்ணெய் வழிந்த ஷாக், குழி விழுந்த டயர், மிகுதியான காற்று ஆகிய மூன்றும் சேர்ந்தால் தொப்பூரில் கார் அப்படித்தான் நடந்துகொள்ளும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய எந்தக் காரிலும் ஷாக்கை மாற்றும் காலம் வந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. நான்கு மூலையிலும் உயரம் சரியாக இருப்பதால் உங்கள் ஸ்பிரிங்குகள் நலமாகவே இருக்கின்றன. அவற்றைத் தொடவேண்டாம்.

உங்கள் தொகையை நான் செலவிடுவதாக இருந்தால் இப்படித்தான் செலவிடுவேன். முன்பக்க ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கைத் தன்மேல் தாங்கி நிற்கும் முன்பக்க ஷாக்) இரண்டு, பின்பக்க ஷாக் இரண்டு, நான்கையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். ஒழுகியது ஒன்றுதானே என்று ஒன்றை மட்டும் மாற்றினால், ஒருபக்கம் இறுக்கமும் மறுபக்கம் தளர்வுமாகி பிரேக் பிடிக்கும்போது கார் இழுக்கும். கேப்ரியல், மன்ரோ முதலிய நிறுவனங்களின் வாயு நிரப்பிய ஷாக்குகளில் உங்கள் கார் மாடலுக்கு எது கிடைக்கிறதோ அதை, அல்லது கம்பெனி உதிரிபாகத்தையே வாங்கலாம். வாயு எதற்கென்றால், தொடர்ந்து குலுங்கும்போது எண்ணெய் சூடாகி நுரைக்கும். நுரைத்த எண்ணெய்க்கு அடக்கும் வலு இராது. அழுத்தத்தில் உள்ள வாயு அந்த நுரையைத் தடுக்கிறது. கணவாயில் இறங்கிக்கொண்டே இருக்கும் காருக்கு இந்தப் பயன் உண்மையானது. கோனி, பில்ஸ்டைன் போன்றவை இவற்றைவிட மிகச் சிறந்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவற்றை வாங்கினால் மற்றவற்றுக்குப் பணம் மிஞ்சாது.

அந்த மற்றவைதான் பெரும்பாலோர் விட்டுவிடுவது. ஸ்ட்ரட்டைக் கழற்றும்போதே அதன் தலையில் உள்ள மவுண்ட்டையும் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். பம்ப் ஸ்டாப்பர், தூசி உறை, லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க்கையின் மூட்டில் உள்ள ரப்பர்), லிங்க் ராட் (கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு தண்டு) ஆகியவற்றையும் பாருங்கள். சென்ற மாதம் உங்களுடையதைப் போன்ற ஒரு காரில் பம்ப் ஸ்டாப்பரைத் தொட்டவுடன் பழைய மைசூர்பாகைப் போல உள்ளங்கையில் உதிர்ந்துவிட்டது. ஸ்பிரிங் முழுவதும் அமுங்கும்போது கடைசி அடியைத் தாங்க வேண்டிய பொருள் அது. அது இல்லாவிட்டால் இரும்பு இரும்பில் மோதிப் புதிய ஷாக்கையும் சீக்கிரமே கெடுத்துவிடும். இவை விலை குறைந்தவை, கழற்றி மாட்டும் கூலியும் ஒரே கூலி.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று ஒன்றைக் கவனியுங்கள். லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டைக் கார் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுதியாக இறுக்கிவிடக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, காரின் எடை முழுவதும் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். இல்லையேல் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு, ஓராண்டுக்குள் கிழிந்துவிடும். அவசரத்தில் பல பட்டறைகளில் இதைச் செய்வதில்லை. மற்றொன்று, ஸ்பிரிங்கை அமுக்கும் கருவியை வீட்டில் வைத்து முயன்று பார்க்காதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் எலும்பு தங்காது.

எல்லாம் முடிந்த பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம். ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டினாலே சக்கரத்தின் கோணம் மாறிவிடும்.

மறுமொழி – பர்கூரிலிருந்து

நீங்கள் குறிப்பிட்ட குட்டை ஸ்பிரிங்கை 2019இல் மாட்டி, பதினொரு மாதத்தில் கழற்றியவன் நான். அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஸ்விஃப்டின் தரை இடைவெளி 170 மில்லிமீட்டர். அதில் 35 போனால் மீதி 135. நான்கு பேர் ஏறினால் அதிலும் குறையும். விதிப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். அப்படிக் கட்டிய வேகத்தடையில் தாழ்த்திய காரும் ஏறி இறங்கிவிடும். எங்கள் ஊர்ச் சாலைகளில் இருப்பவை குறுகலாகவும் செங்குத்தாகவும் இருப்பதால், ஒவ்வொன்றிலும் அடிப்பாகம் உரசும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனேன். அதையாவது பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது வேறொன்று. கார் தாழ்ந்துவிட்டதால் ஷாக் அமுங்குவதற்கான இடம் குறைந்து, வளைவில் ஒரு மேடு வந்தாலே பம்ப் ஸ்டாப்பரில் போய் முட்டியது. முட்டிய கணத்தில் சஸ்பென்ஷன் கட்டையாகிவிடும். டயரின் பிடிப்பு திடீரென்று போய்விடும். சமமான சாலையில் மிக அழகாக ஓடிய கார், மலைப்பாதையில் முன்பைவிட அச்சம் தந்தது. நீங்கள் எதைச் சரிசெய்ய நினைக்கிறீர்களோ அதையே அது மோசமாக்கும்.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. விபத்துக்குப் பிறகு காப்பீட்டுக்காரர் வந்து பார்க்கும்போது இது பேச்சாகும். பழைய ஷாக்குக்குப் பதில் அதே அளவில் புதிய ஷாக் போடுவதில் இந்தச் சிக்கல் இல்லை.

கேள்வி கேட்டவர்

பர்கூர் நண்பருக்கு என் மனமார்ந்த நன்றி. பெங்களூர்க் கடைக்கு முன்பணம் அனுப்பும் எண்ணத்தைக் கைவிட்டேன். பட்டறை அண்ணனிடம் ஒரு சந்தேகம். பழப்பெட்டி ஏற்றும்போது பின்பக்கம் தாழ்கிறதே, பின்னால் மட்டுமாவது ரப்பர் பஃபர் வைக்கலாமா? டயரையும் மாற்ற வேண்டியிருப்பதால், அகலமான டயர் போட்டால் பயன் உண்டா?

மறுமொழி – கிருஷ்ணகிரிப் பட்டறை

பஃபர் வேண்டாம் தம்பி. சுருள்களுக்கு இடையே ரப்பரைச் செருகினால் அந்த இடத்தில் ஸ்பிரிங் அசையாது. மீதிச் சுருள்கள் மட்டுமே வேலை செய்யும், அவற்றுக்கு விழும் பளுவும் கூடும். பின்பக்கம் மட்டும் கடினமானால் வளைவில் பின்பக்கம்தான் முதலில் பிடிப்பை இழக்கும். ஆண்டில் இரண்டு மாதம் ஏற்றும் பழத்துக்காகப் பன்னிரண்டு மாதமும் அந்தக் குறையோடு ஓட்டக் கூடாது. பெட்டிகளைப் பின்சீட்டின் முதுகையொட்டி வையுங்கள், டிக்கியின் கதவோரமாக வேண்டாம். அன்று மட்டும் கதவோர அட்டவணையில் முழுப் பளுவுக்குச் சொன்ன காற்றை அடியுங்கள்.

டயர் விஷயத்தில் ஒரு நல்ல வழி இருக்கிறது. உங்கள் காரில் இருப்பது 165/80 ஆர்14. இதே காரின் உயர்ந்த மாடலில் கம்பெனியே 185/65 ஆர்15 கொடுத்தது. இரண்டின் முழு விட்டமும் ஏறக்குறைய 620 மில்லிமீட்டர்தான். வித்தியாசம் 2 மில்லிமீட்டர் அளவே வருவதால் வேகமானி பிசகாது. பக்கச்சுவர் 12 மில்லிமீட்டர் குறைவதால் வளைவில் நெளிவு குறையும். ஆனால் வீலும் நான்கு வாங்க வேண்டும். இந்த முறை உங்கள் தொகைக்குள் அடங்காது. இப்போதைக்கு அதே அளவில் நல்ல டயர் இரண்டு வாங்கிப் பின்பக்கம் போடுங்கள். புதிய டயர் பின்னால்தான் இருக்க வேண்டும். ஈரச்சாலையில் பின்பக்கம் நழுவினால் திருப்பிப் பிடிப்பது கடினம்.

கேள்வி கேட்டவர் – மூன்று வாரத்துக்குப் பிறகு

வேலை முடிந்தது. வாயு ஷாக் நான்கு, மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப்பர், தூசி உறை, லோயர் ஆர்ம் புஷ், கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 20,600 ரூபாய் ஆயிற்று. பின் டயர் இரண்டுக்கு 8,400. புஷ் போல்ட்டைக் காரைத் தரையில் இறக்கிய பிறகு இறுக்கும்படி நானே பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டேன். அந்த மெக்கானிக்கும் முகம் சுளிக்காமல் செய்து தந்தார்.

நேற்றுத் தொப்பூரில் அதே வளைவில், அதே 60இல் இறங்கினேன். பாலத்து இணைப்பில் ஒரு தட்டு கேட்டது, கார் ஒருமுறை அமுங்கி எழுந்து அத்துடன் நின்றுவிட்டது. பின்பக்கம் தன் தடத்திலேயே வந்தது. சிறு பள்ளங்களில் முன்பைவிடச் சற்றுக் கட்டையாகத் தெரிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இரட்டைப் பாலத்துக்கு முன்பே என் மனைவி பையனின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றிப் பேச்செடுத்துவிட்டார்.

ஒன்று மட்டும் இருக்கிறது. வண்டி நின்றபடி ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பும்போது முன் இடதுபுறம் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வருகிறது.

மறுமொழி – கிருஷ்ணகிரிப் பட்டறை

பானட்டைத் திறந்து, இடப்புற ஸ்ட்ரட் மவுண்ட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு வேறொருவரைத் திருப்பச் சொல்லுங்கள். கையில் அதிர்வு தெரிந்தால், ஸ்பிரிங்கின் முனை அதன் இருக்கையில் சரியாக உட்காரவில்லை அல்லது பேரிங் பிசகி அமர்ந்திருக்கிறது என்று பொருள். அப்படியே ஓட்டாமல், மாட்டிய இடத்துக்கே எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

கையில் அதிர்வு நன்றாகத் தெரிந்தது. கழற்றிப் பார்த்ததில், ஸ்பிரிங்கின் அடிமுனை அதன் பள்ளத்திலிருந்து ஒரு விரற்கடை விலகி நின்றிருந்தது. சரியாக அமர்த்தி மாட்டி, அலைன்மென்ட்டையும் மீண்டும் பார்த்துக் கொடுத்தார்கள், கூலி வாங்கவில்லை. இப்போது சத்தம் இல்லை.