வீட்டுக் குழு: பையனுக்குக் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் இடம் கிடைக்குமா?

அண்ணன்: (வீடியோ) நேற்று பையன் எகிறிக் குதித்து பந்தை வளையத்துக்குள் திணித்த டங்க். எல்லாரும் பாருங்கள்!

அக்கா: அடேங்கப்பா, வளையத்திலேயே தொங்குகிறான் 😄

அத்தை: கையை காலை உடைத்துக்கொள்ளப் போகிறான். இப்படி ஆடினால் அமெரிக்காவில் காலேஜ் ஃபீஸே கட்ட வேண்டாமாமே, நிஜமா?

அண்ணி: அதைத்தான் நானும் கேட்க நினைத்தேன் அத்தை. தம்பி, நீங்கள்தான் ஸ்கூல் டீமுக்குப் பயிற்சி கொடுக்கிறீர்களே, மறைக்காமல் சொல்லுங்கள். கல்லூரி அணிகளில் மேல்மட்டமான டிவிஷன் ஒன் கிடைக்குமா?

நான்: டங்க்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது அண்ணி. ஷூ இல்லாமல் உயரம் என்ன?

அண்ணன்: 6 அடி 5

அண்ணி: டாக்டர் அளந்தது 6 அடி 3½

அண்ணன்: ஷூவோடு 6 அடி 5 🙄

நான்: எல்லா அப்பாக்களும் ஷூவோடுதான் அளக்கிறார்கள் அண்ணா. கைகளை விரித்து அந்த நீளத்தையும் அளந்து அனுப்புங்கள். விங், அதாவது பக்கவாட்டில் நின்று ஆடுகிறவனுக்கு அது முக்கியம். என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை லீக்) அணியான ஓக்லஹோமா சிட்டியின் ஜேலன் வில்லியம்ஸ் ஷூ இல்லாமல் ஆறரை அடிகூட இல்லை, கைவிரிப்பு ஏழடிக்கு மேல். அவரே கல்லூரி நாட்களில் சான்டா கிளாரா பல்கலைக்கழகத்தில்தான் ஆடினார், பெரிய பேர் உள்ள அணியில் இல்லை.

அண்ணன்: த்ரீ பாயிண்ட் நன்றாகப் போடுகிறானே?

நான்: பள்ளியில் த்ரீ பாயிண்ட் கோடு வளையத்திலிருந்து 19 அடி 9 அங்குலம். கல்லூரிக் கோடு 22 அடி தாண்டி இருக்கிறது. அங்கிருந்து, எதிரி ஓடி வரும்போது, பந்து கைக்கு வந்த உடனே போட வேண்டும். ஃப்ரீ த்ரோ எப்படி?

அண்ணி: பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் போகும்.

நான்: அதுதான் என் கவலை. யாரும் மறிக்காத இடத்திலேயே தவறினால் ஷூட்டிங்கை கோச்சுகள் நம்ப மாட்டார்கள். பள்ளியில் பந்து எப்போதும் அவன் கையில். கல்லூரியில் அவனைவிட நன்றாக ஆடுகிறவர்கள் கையில் இருக்கும். அப்போது இவன் மூலையில் நின்று ஷூட் போடணும், எதிரணியின் நல்ல ஆட்டக்காரனைத் தடுக்கணும். இந்த இரண்டும் தெரிந்தால் இடம் உண்டு.

அக்கா: தடுக்கிறானா?

நான்: கால் வேகம் இருக்கிறது. ஆனால் தான் மறிக்க வேண்டிய ஆள் கையில் பந்து இல்லாவிட்டால் வேடிக்கை பார்க்கிறான்.

அண்ணன்: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

அத்தை: என்னப்பா அழித்தாய்?

அண்ணன்: ஒன்றுமில்லை அத்தை. டேய், இன்னும் 11-ஆம் வகுப்புதானே, நேரம் இருக்கிறதே?

நான்: வளர நேரம் இருக்கிறது. ஆனால் பத்தாவது முடிந்த ஜூன் 15-லிருந்தே டிவிஷன் ஒன் கோச்சுகள் பையன்களிடம் நேராகப் பேசலாம். நம்மிடம் யாரும் பேசவில்லை, அதையும் கணக்கில் எடுக்கணும். இப்போது கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வேறு. 22 வயதில் வேறு கல்லூரியில் ஆடித் தேர்ந்தவன் கிடைக்கும்போது 18 வயதுப் பையனை எதற்கு எடுப்பார்கள்?

அண்ணி: அப்படியானால்?

நான்: டிவிஷன் டூவும், படிப்புக்குப் பேர்போன டிவிஷன் த்ரீ கல்லூரிகளும் பார்க்கலாம். த்ரீயில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது அத்தை, ஆனால் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவார்கள். என்பிஏவில் மயாமி ஹீட் அணிக்கு ஆடிய டங்கன் ராபின்சன் முதல் வருடம் ஆடியது வில்லியம்ஸ் கல்லூரியில், அது டிவிஷன் த்ரீ. பிறகு டிவிஷன் ஒன்னில் உள்ள மிஷிகன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்.

அத்தை: மார்க்கும் பார்ப்பார்களா?

நான்: கட்டாயம். டிவிஷன் ஒன்னுக்கே 16 முக்கியப் பாடங்களும் 2.3 ஜிபிஏவும் (4-க்குக் கணக்கிடும் சராசரி மார்க்) வேண்டும். அதில் 10 பாடங்கள் கடைசி வருடம் தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அண்ணி: மார்க் பிரச்சினை இல்லை. ஈமெயில் நான் எழுதட்டுமா?

நான்: வேண்டாம் அண்ணி, அவனே எழுதட்டும். அம்மா எழுதினால் கோச்சுகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

அண்ணன்: சரி, சனிக்கிழமை முழு ஆட்டத்தையும் எடுக்கிறேன்.

நான்: பந்து போகிற பக்கமெல்லாம் கேமராவைத் திருப்பாதீர்கள் அண்ணா. மேல் வரிசையில் உட்கார்ந்து மைதானம் முழுக்கத் தெரிகிற மாதிரி எடுங்கள். தவறவிட்ட ஷாட்டையும் வெட்ட வேண்டாம்.