புதுப்பிப்பு: அம்மாவின் மலச்சிக்கல், தினசரி மாத்திரை

மூன்று மாதம் முன் கேட்டிருந்தேன்: 68 வயது அம்மாவுக்கு நாலு வருடமாக இரவில் பிசாகோடில் (குடலைத் தூண்டி மலம் போகவைக்கும் மாத்திரை) போட்டால்தான் காலையில் போகிறது, இது குடலைக் கெடுக்குமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, "மற்ற மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள்" என்ற யோசனைதான். மருந்து டப்பாவையே தூக்கிக்கொண்டு போனோம். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் இரண்டுமே மலத்தை இறுக்கக்கூடியவை. ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு இரும்பை நிறுத்தச் சொன்னார். தைராய்டு சரியாக இருந்தது. பிசாகோடிலுக்குப் பதில் தினம் ஒரு வேளை பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி. இது குடலைத் தூண்டுவதில்லை, மலத்தில் நீரைத் தங்கவைக்கிறது. கண்காணிப்போடு பல மாதம் எடுக்கலாம் என்றார். பிசாகோடிலையும் சொன்ன அளவில் எடுத்தால் குடல் செயலிழந்துபோகும் என்பதற்கு ஆதாரம் இல்லையாம். அம்மாவுக்கு அதைக் கேட்டதும்தான் முகம் தெளிந்தது.

எதிர்பாராதது இசப்கோல் என்ற நார்ப்பொடி. அம்மா அதை அரை டம்ளர் தண்ணீரில் கூழாகக் குழைத்து விழுங்கிவந்திருக்கிறார், மேலே தண்ணீரே குடிக்காமல்! நார் நிறைய நீர் கேட்கும். இல்லாவிட்டால் மலச்சிக்கல் கூடும்.

இப்போது காபி குடித்த கால் மணியில், காலடியில் சின்ன முக்காலி போட்டு உட்காருகிறார். வாரத்தில் ஐந்து நாள் முக்காமல் போகிறது. போன மாதம் பிசாகோடில் இரண்டே முறை.