ஸ்கில் கோப்புகளை எங்கே தேடுவது, எதை நம்பி நிறுவுவது?

கேள்வி:

நிரல் எழுதுவதற்குச் சில மாதங்களாகக் கிளாட் கோட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரைப் பயன்படுத்தி வருகிறேன். புதிய உரையாடலைத் தொடங்கும்போதெல்லாம், தரவுத்தள அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் கோப்பை எப்படி எழுத வேண்டும், கமிட் செய்வதற்கு (மாற்றங்களைப் பதிவு செய்வதற்கு) முன் எந்தச் சோதனைகளை ஓட்ட வேண்டும் என்று பழைய பாடத்தையே மீண்டும் ஒப்பிக்க வேண்டியிருக்கிறது. ஒரு வேலையைச் செய்யும் முறையை உதவியாளருக்காக எழுதி வைக்கும் ஸ்கில் கோப்புகள் இதற்குத் தீர்வு என்று அறிந்து, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கிடைத்த ஒரு தொகுப்பிலிருந்து ஏறத்தாழ 40 ஸ்கில்களை நகலெடுத்து வைத்தேன். பெரும்பாலானவை ஒருமுறைகூடச் செயல்படவில்லை. செயல்பட்ட ஒன்றோ, நான் கேட்காமலேயே கமிட் செய்திகளின் நடையை மாற்றிவிட்டது. தேடிய இடம் தவறா, பயன்படுத்திய முறை தவறா?

மறுமொழி 1:

முதலில் கோப்புறை அமைப்பைச் சரிபாருங்கள். ஒவ்வொரு ஸ்கில்லும் தனிக் கோப்புறையாக இருந்து, அதன் நேரடி உள்ளடக்கமாக ஸ்கில்.எம்டி (SKILL.md) கோப்பு இருக்க வேண்டும். தொகுப்பை மொத்தமாக நகலெடுக்கும்போது இடையில் ஓர் அடுக்கு கூடிவிடுவது வழக்கம்.

அமைப்பு சரியாக இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது, கோப்பின் தொடக்கத்தில் ஸ்கில்லின் பயனைச் சொல்லும் விவரிப்பு வரி. உரையாடல் தொடங்கும்போது உதவியாளர் ஸ்கில்லின் பெயரையும் விவரிப்பையும் மட்டுமே அறிந்திருக்கிறது. அந்த விவரிப்பு கையிலுள்ள வேலைக்குப் பொருந்துகிறது என்று அது முடிவு செய்த பிறகே கோப்பின் உடற்பகுதியைப் படிக்கிறது, துணைக் கோப்புகளை அதற்கும் பிறகு தேவைக்கேற்பத் திறக்கிறது. ஆகவே, "குறியீட்டின் தரத்தை உயர்த்த உதவும்" என்ற விவரிப்பு எந்த வேலைக்கும் பொருந்தும் என்பதாலேயே எதற்கும் உதவாது. "போஸ்ட்கிரெஸ் தரவுத்தள அட்டவணையின் அமைப்பை மாற்றும் மைக்ரேஷனை எழுதும்போதும் திருத்தும்போதும் பயன்படுத்துக" என்று எழுதியிருந்தால் குழப்பமில்லை. விவரிப்புக்கு 1,024 எழுத்துகள் வரை இடமிருந்தும் பலர் ஐந்தாறு சொற்களோடு நிறுத்திக்கொள்வது ஏனென்று எனக்கு விளங்கியதில்லை.

தேடுவதற்கு, கிளாட்டை உருவாக்கிய ஆந்த்ரோபிக் நிறுவனம் கிட்ஹப்பில் வைத்திருக்கும் ஸ்கில் களஞ்சியத்திலிருந்து தொடங்கலாம். அந்நிறுவனம் 2025 அக்டோபரில் இந்த முறையை அறிமுகப்படுத்தி, டிசம்பரில் திறந்த தரநிலையாக வெளியிட்டது. அதனால் இதே வடிவத்தை வேறு சில உதவியாளர்களும் ஏற்கின்றன.

மறுமொழி 2:

40 ஸ்கில்களையும் படித்துப் பார்த்தபின் நிறுவினீர்களா என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஸ்கில் என்பது வெறும் குறிப்பேடு அன்று; அதனுடன் பைத்தான் அல்லது ஷெல் ஸ்கிரிப்டுகளும் (இயக்கக்கூடிய சிறு நிரல்களும்) வரலாம். உதவியாளர் ஒரு ஸ்கிரிப்டை இயக்கும்போது பொதுவாக அதன் வெளியீடு மட்டுமே உரையாடலுக்குள் வருகிறது, உள்ளிருக்கும் நிரல் வருவதில்லை. எனவே நீங்கள் படிக்காத ஸ்கிரிப்டை அதுவும் படிக்காமலேயே உங்கள் கணினியில் ஓட்டிவிடக்கூடும். வெளித்தளத்திலிருந்து எதையாவது இறக்குவது, சூழல் மாறிகளை (நிரல்களுக்காகக் கணினி வைத்திருக்கும் அமைப்பு மதிப்புகளை) தொடுவது, "பயனரிடம் கேட்காமல் செய்" என்று கட்டளையிடுவது ஆகிய மூன்றில் எது கண்ணில் பட்டாலும் அந்த ஸ்கில்லை நான் ஒதுக்கிவிடுவேன். ஸ்கில்.எம்டியில் உள்ள மார்க்டவுன் (உரை) பகுதியையும் இதே ஐயத்தோடு படியுங்கள். அங்கே எழுதியிருக்கும் ஒவ்வொரு வாக்கியமும் உதவியாளருக்குக் கட்டளைதான்.

கேள்வி கேட்டவர்:

படிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அனைத்தையும் நீக்கிவிட்டேன். எப்போதும் பின்பற்ற வேண்டிய விதிகளையும் ஸ்கில்லாகவே எழுதலாமா?

மறுமொழி 3:

வேண்டாம். எல்லா வேலைக்கும் பொருந்தும் விதிகளைத் திட்டத்தின் கிளாட்.எம்டி (CLAUDE.md) கோப்பில் எழுதுங்கள். அது உரையாடல்தோறும் தானாகவே ஏற்றப்படும். கமிட்டுக்கு முந்தைய சோதனைகள் அங்கே சேர வேண்டியவை. மைக்ரேஷன் எழுதும் முறை எப்போதாவது தேவைப்படுவது, ஆனால் பல படிகள் கொண்டது. அதுவே ஸ்கில்லுக்கு உரியது.

மற்றவர்களின் ஸ்கில்களை வடிவம் கற்பதற்காகப் படியுங்கள். உள்ளடக்கத்தை நீங்களே எழுதுங்கள். உதவியாளரை எந்த இடங்களில் திருத்திக்கொண்டே இருந்தீர்களோ அவைதான் உள்ளடக்கம். உதவியாளருக்கு ஏற்கெனவே தெரிந்த பொதுப்பாடத்தை மீண்டும் எழுதுவது வீண். உடற்பகுதி 500 வரிக்குள் அடங்கட்டும். எழுதி முடித்ததும் புதிய உரையாடலைத் திறந்து, ஸ்கில்லின் பெயரைச் சொல்லாமல், வழக்கமான சொற்களில் வேலையைக் கேளுங்கள். அது ஸ்கில்லைத் தானாக எடுக்கவில்லையென்றால் உடற்பகுதியைத் தொடாமல் விவரிப்பை மட்டும் திருத்தி மீண்டும் சோதியுங்கள்.