எலியட் ஸ்மித்: எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

கேள்வி: 1998 ஆஸ்கர் மேடையில் வெள்ளை கோட் சூட்டில், கிதாரோடு கூச்சமாக நின்று அமெரிக்கப் பாடகர் எலியட் ஸ்மித் பாடும் வீடியோவை நேற்றிரவு நாலு முறை பார்த்தேன். இத்தனை நாள் எப்படித் தவறவிட்டேனோ! எதில் தொடங்கலாம்?

பதில்: 1997இல் வந்த ‘ஐதர்/ஆர்’. ஹெட்ஃபோன் கட்டாயம். ஒரே வரியை இரண்டு முறை பாடி ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பார். ஒருவரே இருவராகக் கிசுகிசுப்பதுபோல் இருக்கும்.

பதில்: என் ஓட்டு 1994இன் ‘ரோமன் கேண்டில்’. போர்ட்லண்டில் ஒரு வீட்டு நிலவறையில், நாலு டிராக் ரெக்கார்டரில் பதிந்தது. கம்பியில் விரல் வழுக்கும் சத்தம்கூடக் கேட்கும். அப்போதே ஹீட்மைசர் என்ற இரைச்சலான ராக் குழுவிலும் இருந்தார், நம்பவே முடியாது.

கேட்டவர்: சரி, ஆஸ்கர் கிடைத்ததா?

பதில்: இல்லை, டைட்டானிக் பாட்டுக்குப் போனது. 2003இல், 34 வயதிலேயே இறந்துவிட்டார்.

கேட்டவர்: ரோமன் கேண்டில் ஓடுகிறது. விரல் சத்தம் கேட்கிறது.