ஆலை வியட்நாம் போகுது, வேலை போனா அரசு உதவி என்ன?

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உதிரிபாக கம்பெனி. ஒரு லைன் முழுசா வெளிநாட்டுக்கு மாறுது. மொத்தச் சம்பளம் 18,000, ஒன்பது வருஷ சர்வீஸ், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் உண்டு. விருப்ப ஓய்வுல கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போடலாமா?

பதில் 1: அவசரப்படாதீங்க தோழர். ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனான்னு இ.எஸ்.ஐ.யில வேலையிழப்பு உதவித்தொகை இருக்கு; அது ஆலை மூடல், ஆள்குறைப்பு மாதிரி தன் விருப்பமில்லாம வேலை போனவங்களுக்குத்தான். குறைஞ்சது 2 வருஷம் சந்தா கட்டியிருக்கணும். முதல் 12 மாசம் சராசரி தினக்கூலியில 50 சதவீதம், அடுத்த 12 மாசம் 25. விருப்ப ஓய்வுன்னா இதுல ஒரு பைசா வராது. அதைச் சொல்லாமத்தான் பேப்பரை நீட்டுவாங்க!

பதில் 2: இன்னொரு இடத்துலயும் சிக்கும். இ.எஸ்.ஐ. போர்ட்டல்ல கம்பெனி கடைசி மாசம் காரணம் பதியும். 'வேலையை விட்டார்'னு போட்டா கிளை அலுவலகத்துல நிறுத்திடுவாங்க. 'ஆள்குறைப்பு'ன்னு பதிஞ்சதைப் பார்த்துட்டு, அதே வார்த்தை உள்ள கடிதமும் வாங்குங்க.

பதில் 3: இது தவிர ஆள்குறைப்பு இழப்பீடு தனி, வருஷத்துக்கு 15 நாள் சராசரி ஊதியம். பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) தனி: அடிப்படை, பஞ்சப்படி சேர்த்து 13,000ன்னா, 13,000 × 15 ÷ 26 × 9 = 67,500. கம்பெனி 'பேக்கேஜ்'னு ஒரே தொகை சொன்னா, இதெல்லாம் பிரிச்சு எழுதித் தரச் சொல்லுங்க.