பதில்: ஸ்பார்ஜ் தண்ணிக்குத் தமிழ்ல என்ன? வெள்ளிக்குள்ள வேணும்

[டொராண்டோ]
வணக்கம். வீட்டில பியர் வடிக்கிற வகுப்புக்கு ஒரு கணக்குத்தாள் தமிழில போடுறன், வெள்ளி அச்சுக்குப் போகுது. மால்ட் (முளைக்கவச்சுக் காயவிட்ட தானியம்) 5 கிலோ. கிலோவுக்கு 3 லிட்டர்ப்படி 15 லிட்டர் சுடுதண்ணி ஊத்தி 67 டிகிரியில ஒரு மணித்தியாலம் மூடி வைக்கிறது, இதுதான் மாஷ். அதில கிலோவுக்கு 1 லிட்டர் அளவு மால்ட்டே குடிச்சிடும், வடியிறது 10தான். கொதிக்க வைக்க 26 வேணும், அப்ப மிச்சம் 16ஐ 75 டிகிரியில மேலால ஊத்தி ஒட்டிக்கிடக்கிற சீனியை இறக்கவேணும். இந்த ரெண்டாவது தண்ணிக்கு ஒரு சொல் தாங்கோ. மாஷுக்கு ‘ஊறல்’ எண்டு போட்டிட்டன்.

[மதுரை]
ஊறல் வேண்டாங்க. இங்க பேப்பர்ல ‘ஊறல் அழிப்பு’ன்னா போலீஸ் செய்தி. அதோட ஊறல்னா ஏற்கெனவே நுரைச்சு நிக்கிறது, உங்க மாஷ்ல ஈஸ்ட்டே இன்னும் விழல. ரெண்டாவதுக்கு ‘கழுநீர்’ போதுமே?

[டொராண்டோ]
அட, எங்கட பக்கம் அதுக்குப் பேர் கோடா. சரி, ஊறலை எடுக்கிறன்.

[தஞ்சாவூர்]
நண்பர்களே, மாஷுக்கு வீட்டில் இருப்பதை வெளியில் ஏன் தேட வேண்டும்? ‘அவையா அரிசி அங்களித் துழவை’ என்று பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறதே. துழவையை ஆற்றி, முளைநெல்லான அடையைக் கலந்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு வைப்பது வரை முழுச் செய்முறை. அதே பாட்டில் ‘இல்லடு கள்’ளும் உண்டு, வகுப்புக்கே பெயராக வைக்கலாம். துழாவுவதால் துழவை. துடுப்பும் இதன் உறவுதான், துழாயும்கூட என்பது என் நெடுநாள் கருத்து.

[மெல்பர்ன்]
ஐயா, துளசியை இதுல இழுக்காதீங்க :) துழவை அழகான சொல்தான், ஆனா பாட்டுல அது வெறும் அரிசிக் கூழ், அடை அப்புறம்தான் சேருது. மாஷ்ல முளைதானியம் முதல்லயே உள்ள இருக்கு, மாவைச் சீனியாக்குறதே அதுதான். கழுநீரும் சரியில்ல, அது மாட்டுக்குப் போறது, நாம இதைச் சட்டியில சேர்க்கிறோம். தேங்காய்ப்பால்ல முதல் பால் ரெண்டாம் பால்னு சொல்றோம்ல, அப்படியே ரெண்டாம் தண்ணின்னு விட்டுரலாம்.

[மதுரை]
வகுப்புல ‘தண்ணி’ன்னா வேற அர்த்தம்ல எடுத்துக்குவாங்க, சிரிப்பு அடங்காது. நீர்னே போடுங்க. இன்னொண்ணு, பால் கணக்கு இங்க உதைக்குது. ரெண்டாம் பால்ங்கறது பிழிஞ்சு வர்றது, இது ஊத்துறது. 15 ஊத்தினா 10 வருது, ஆனா 16 ஊத்தினா 16ம் வருது, மால்ட்தான் முதல்லயே வயிறு நிறையக் குடிச்சிருச்சே. ஊத்துறது நீர், வர்றது வடின்னு பிரிச்சா குழப்பம் இல்ல.

[மெல்பர்ன்]
அது நல்லாருக்கு. ‘கொதிக்கும்போது அளந்தது’, ‘ஆறினப்புறம் அளந்தது’ன்னும் ரெண்டு கட்டம் போட்டுருங்க. கொதிக்கிற தண்ணி ஆறும்போது சுமார் 4 சதவீதம் சுருங்கும், 26 கொதிச்சு வத்தி சட்டியில 22ன்னு கோடு காட்டினா கையில 21தான் நிக்கும். அதுக்குச் சொல்லெல்லாம் வேண்டாம், சொன்னாலே போதும்.

[தஞ்சாவூர்]
எண்ணிட்டுச் சொல்வது சோம்பல், நாளை மூன்றாம் முறை ஊற்றினால் மூன்றாம் நீரா? ‘அலசுநீர்’ என்றாவது வையுங்கள்.

[டொராண்டோ]
மூண்டாம் முறை ஊத்தினா மூண்டாம் நீர்தான் ஐயா :) முதல் நீர், இரண்டாம் நீர், முதல் வடி, இரண்டாம் வடி எண்டு அடிச்சாச்சு. இரண்டாம் நீருக்குப் பக்கத்தில ‘ஸ்பார்ஜ்’ எண்டும் கிடக்கும், கடையில அப்பிடித்தான் கேக்கவேணும். மாஷ் மாஷாவே போகுது.

[தஞ்சாவூர்]
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். துழவைக்குத் தனி இழை தொடங்குகிறேன்.